மவுசு குறையாத மவுசர்! - உங்க மொபைல் கேம் துப்பாக்கிக்குப் பின்னால் ஒரு மனிதரின் கதை

பப்ஜி, பிஜிஎம்ஐ ஆடினவங்களுக்கு கார்98கே-ன்னா என்னன்னு சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரு ஷாட் சுடணும். பக்கவாட்டில் நீட்டிக்கிட்டிருக்கும் கைப்பிடியைத் தூக்கணும், பின்னால் இழுக்கணும், முன்னால் தள்ளணும், திரும்பக் கீழே மடக்கணும். அதுக்குள்ள எதிரி அரை மேகஸினைக் காலி பண்ணியிருப்பான். இருந்தாலும் கார்98 தரையில் கிடந்தா எடுக்காமப் போக மனசு வராது. அதில் ஒரு ஹெட்ஷாட் விழுந்தா அந்தச் சந்தோஷமே தனி!

அந்தப் பேரில் இருக்கிற 98 என்னன்னு யோசிச்சிருக்கீங்களா? மாடல் நம்பர் மாதிரி தெரியும். ஆனா, அது ஒரு வருஷம். 1898. ரைட் சகோதரர்கள் விமானத்தில் பறக்கிறதுக்கு அஞ்சு வருஷம் முன்னாடி ஜெர்மன் ராணுவம் ஏத்துக்கிட்ட ரைஃபிள் அது. கடைசியில் வர்ற 'கே', ஜெர்மன் மொழியில் 'குட்டை'ங்கிற சொல்லின் முதல் எழுத்து. அதே ரைஃபிளோட நீளத்தைக் குறைச்சு 1935-ல் வந்ததுதான் நீங்க கேமில் பார்க்கிறது.

இதை உருவாக்கினவர் பேர் பால் மவுசர். தமிழில் 'மவுசு'ன்னு ஒரு வார்த்தை இருக்கே, அதுக்கும் இவருக்கும் சம்பந்தம் இல்லை. ஆனா 100 வருஷத்துக்கு மேல இவர் பேருக்கு மவுசு குறையவே இல்லைங்கிறது உண்மை. உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான பேர் இவர் துப்பாக்கிகளைத் தேடித் தேடிச் சேர்க்கிறாங்க, இன்னிக்கும் சுட்டுப் பார்க்கிறாங்க.

இவரோட கதை கொஞ்சம் சிக்கலானது. இவரைக் கொண்டாடலாமா, வேண்டாமான்னு படிச்சு முடிச்சிட்டு நீங்களே சொல்லுங்க.

13-வது பிள்ளை

தெற்கு ஜெர்மனியில், அன்றைக்கு வுர்ட்டம்பர்க்னு தனி ராஜ்ஜியமாக இருந்த பகுதியில், நெக்கார் ஆற்றங்கரையில் ஓபர்ன்டார்ஃப்னு ஒரு சின்ன ஊர். அங்கே பழைய கிறிஸ்தவ மடாலயம் ஒன்று இருந்தது. துறவிகள் வெளியேறின பிறகு, ராஜா அந்தக் கட்டடத்தைத் துப்பாக்கித் தொழிற்சாலையாக மாத்திட்டார். ஜெபம் நடந்த இடத்தில் சுத்தியல் சத்தம்!

அந்தத் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஒரு துப்பாக்கி ஆசாரிக்கு 13 பிள்ளைகள். கடைக்குட்டியாக 1838 ஜூன் 27 அன்று பிறந்தவர்தான் பால். அப்பா வேலை பார்த்த பட்டறைக்கே பையனும் வேலைக்குப் போனார். கல்லூரிப் படிப்பு கிடையாது. இரும்பும் அரமும்தான் படிப்பு. 1859-ல் கட்டாய ராணுவ சேவைக்குக் கூப்பிட்டு, ஆயுதக் கிடங்கு வேலையில் போட்டாங்க. அங்கேதான் பீரங்கியும் துப்பாக்கியும் எங்கெங்கே பழுதாகுதுன்னு பக்கத்திலிருந்து பார்த்தார்.

இவருக்கு நாலு வயசு மூத்த அண்ணன் வில்ஹெல்ம். அவருக்குப் பேச்சும் வியாபாரமும் கைவந்த கலை. தம்பிக்கு வாய் வராது, கை வரும். தம்பி செய்வார், அண்ணன் விற்பார். இந்தக் கூட்டணிதான் பின்னால் வரப்போற எல்லாத்துக்கும் தொடக்கம்.

கதவுத் தாழ்ப்பாள் டெக்னிக்

அந்தக் காலத்தில் பிரஷ்ய ராணுவத்தின் கெத்தான ஆயுதம் டிரைஸேங்கிறவர் செஞ்ச 'ஊசித் துப்பாக்கி'. அதுக்கு முன்னாடி சிப்பாய்கள் குழலின் வாய் வழியா மருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, கம்பியால் குத்தணும். எழுந்து நின்னுதான் செய்ய முடியும். டிரைஸே துப்பாக்கியில் பின்பக்கமாகவே தோட்டாவைப் போடலாம், படுத்துக்கிட்டே சுடலாம். 1866-ல் ஆஸ்திரியாவைப் பிரஷ்யா தோற்கடிச்சதில் இதுக்குப் பெரிய பங்கு உண்டு.

அது எப்படி வேலை செய்யுது? நம்ம வீட்டுப் பழைய மரக்கதவின் தாழ்ப்பாளை நினைச்சுக்கோங்க. தள்ளி, ஒரு திருப்புத் திருப்பி மடக்கினா கதவு பூட்டிக்கும். அதேதான். குழலின் பின்வாசலை ஒரு இரும்புத் தாழ்ப்பாள் மூடுது. ஆங்கிலத்தில் இதைத்தான் 'போல்ட் ஆக்‌ஷன்'னு சொல்றாங்க. என்.சி.சி-யில் பாயின்ட் 22 சுட்டிருந்தா, இந்தத் தாழ்ப்பாளை உங்க கையாலேயே இழுத்திருப்பீங்க.

டிரைஸே துப்பாக்கியில் மூணு தொந்தரவு இருந்தது. தோட்டா காகிதத்தில் சுத்தினது. சுடும்போது நெருப்பும் வாயுவும் பின்பக்கம் கசிஞ்சு, சுடுறவர் முகத்திலேயே அடிக்கும். நீளமான ஊசி வெப்பத்தில் அரிச்சு உடைஞ்சுபோகும். ஒவ்வொரு தடவையும் ஸ்பிரிங்கைத் தனியாக இழுத்துவிடணும்.

பால் மவுசர் இந்தத் தொந்தரவுகள் ஒவ்வொன்றா கையில எடுத்தார். காகிதத்துக்குப் பதில் உலோகத் தோட்டா. அது வெடிக்கும்போது விரிஞ்சு குழலை அடைச்சுக்கும், வாயு பின்னால் வராது. தாழ்ப்பாளைத் திருப்பும்போதே ஸ்பிரிங் தானா இழுபட்டு நிக்கும். காலித் தோட்டாவை ஒரு கொக்கி பிடிச்சு வெளியே இழுக்கும். முழுசாப் புதுசுன்னு சொல்ல முடியாது. ஆனா, இருக்கிற பொருளில் எது உறுத்துதுன்னு பார்த்து அதைச் சரிபண்றதுதான் அவரோட வழி. கடைசி வரைக்கும் அப்படித்தான்.

உள்ளூரில் விலைபோகாத சரக்கு

உள்ளூரில் யாரும் அண்ணன் தம்பியைக் கண்டுக்கலை. ரெமிங்டன் கம்பெனிக்கு ஏஜென்டாக இருந்த சாமுவேல் நாரிஸ்ங்கிற அமெரிக்கர் கண்ணில்தான் அந்தத் துப்பாக்கி பட்டது. 1867-ல் ஒப்பந்தம் போட்டு, ரெண்டு பேரையும் பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்துக்குக் கூட்டிட்டுப் போனார். 1868-ல் நாரிஸ் பேரையும் சேர்த்து அமெரிக்கக் காப்புரிமையும் வாங்கியாச்சு. ஆனா ரெமிங்டன் ஆர்வம் காட்டலை, நாரிஸ் கொடுக்க வேண்டிய பணம் நின்னுபோச்சு. வெறுங்கையோட ஊருக்குத் திரும்பினார் பால். (லியேஜ்ங்கிற பேரை ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்ப வரும்.)

அண்ணன் விடலை. பிரஷ்யாவின் ராணுவத் துப்பாக்கிப் பள்ளிக்கு நடையா நடந்தார். 1871 முடியும்போது, புதுசா உருவான ஜெர்மன் பேரரசு மவுசர் ரைஃபிளை ஏத்துக்கிச்சு. வாழ்க்கை செட்டில்னு நீங்க நினைப்பீங்க. இல்லை. துப்பாக்கியை அரசு தன் சொந்தத் தொழிற்சாலைகளில் செஞ்சுக்கிச்சு. அண்ணன் தம்பிக்குக் கிடைச்சது எதிர்பார்த்ததில் ஒரு சின்னத் தொகையும், குறிபார்க்கும் சின்ன உதிரிப்பாகத்தைச் செஞ்சு கொடுக்கிற ஆர்டரும்தான். அதுக்காகக் கட்டின பட்டறையும் 1873-ல் தீப்பிடிச்சது.

அடுத்த வருஷமே, அப்பா கூலிக்கு வேலை பார்த்த அந்த மடாலயத் தொழிற்சாலையை, ஒரு வங்கியோட கூட்டுச் சேர்ந்து பிள்ளைகள் விலைக்கே வாங்கினாங்க. நம்ம சினிமா இன்டர்வெல் மாதிரியான இடம் இது. ஆனா இந்தப் படத்தில் பின்பாதி அவ்வளவு சுலபமில்லை. 1882-ல் அண்ணன் வில்ஹெல்ம் 47 வயசிலேயே இறந்துபோனார். பேசி விக்கிற ஆள் போயாச்சு. 1887-ல் கம்பெனிப் பங்குகள் பெர்லினின் லுட்விக் லோவே நிறுவனத்தின் கைக்குப் போயின. வாசல் போர்டில் மவுசர் பேர். ஆனா, உள்ளே மவுசர் தொழில்நுட்பப் பொறுப்பாளர் மட்டும்தான்.

அடுத்த அடி இன்னும் பெருசு. 1886-ல் பிரான்ஸ் புகையே வராத வெடிமருந்தோட புது ரைஃபிளைக் கொண்டுவந்தது. பதறிப்போன ஜெர்மன் ராணுவம், அவசரமா ஒரு கமிட்டி போட்டு 1888-ல் ஒரு துப்பாக்கியை வடிவமைச்சது. நாட்டிலேயே பெரிய ரைஃபிள் வல்லுநரான மவுசரை அந்தக் கமிட்டி கேட்கவே இல்லை!

ஊரெல்லாம் மவுசர்

வீட்டில் மதிப்பில்லாதவருக்கு வெளியே கூட்டம் கூடிச்சு. 1887-ல் துருக்கி சுல்தானோட அரசு 5 லட்சம் ரைஃபிள், 50 ஆயிரம் கார்பைன் ஆர்டர் கொடுத்தது. 1889-ல் பெல்ஜியம் வந்தது. அதுக்காகச் செஞ்ச மாடலில்தான் அஞ்சு தோட்டாக்களை ஒரு தகட்டில் கோத்து, ஒரே அழுத்தில் உள்ளே இறக்குற வசதி வந்தது. கேமில் கார்98 முழுசாக் காலியானதும் அஞ்சு தோட்டாவும் ஒரே அழுத்தில் இறங்குமே, அது இந்தச் சமாசாரம்தான். இந்த ரைஃபிளைச் செய்யுறதுக்குன்னே பெல்ஜியத்தில் தொடங்கின கம்பெனிதான், இன்னிக்கும் இருக்கிற எஃப்.என்.

அப்புறம் அர்ஜென்டினா, ஸ்பெயின், ஸ்வீடன், சிலி... வரிசை கட்டி வந்தாங்க. சரக்கைப் பரிசோதிக்க வந்த வெளிநாட்டு அதிகாரிகளால் அந்தக் குட்டி ஊரே நிறைஞ்சது. ஸ்வீடன்காரங்க பேரில் ஒரு கட்டடமே அங்கே உண்டு.

1898 ஜூலையில் கியூபாவின் சான் ஹுவான் மலையில், சில நூறு ஸ்பெயின் வீரர்கள் மவுசர் ரைஃபிளோட, பல ஆயிரம் அமெரிக்க வீரர்களை மணிக்கணக்கா திணறடிச்சாங்க. ஜெயிச்சது அமெரிக்காதான். ஆனா அந்த அனுபவத்துக்குப் பிறகு, அவங்க 1903-ல் கொண்டுவந்த ஸ்பிரிங்ஃபீல்டு ரைஃபிள் அச்சு அசலா மவுசர் சாயல். கடைசியில் அமெரிக்க அரசே மவுசர் கம்பெனிக்கு 2 லட்சம் டாலர் உரிமைத்தொகை கட்ட ஒப்புக்கிச்சு.

அதே 1898 ஏப்ரலில்தான் ஜெர்மனியும் இறங்கி வந்து, மவுசரோட 98 மாடலை ஏத்துக்கிச்சு. அப்போ அவருக்கு 59 வயசு. முதல் ஆர்டருக்கும் இதுக்கும் நடுவில் 27 வருஷம்.

பின்னால் நிற்பவரும் முன்னால் நிற்பவரும்

98 மாடலை ஏன் இப்படித் தலையில் தூக்கி வெச்சுக் கொண்டாடுறாங்க? அதில் இருக்கிற பாதுகாப்புதான் காரணம். தாழ்ப்பாளில் ரெண்டு பூட்டு முனைகள் ஏற்கெனவே உண்டு. ஒருவேளை அது உடைஞ்சா தாங்கிப் பிடிக்க மூணாவதா ஒன்று வெச்சார். தோட்டா கிழிஞ்சு வாயு பின்னால் வந்தா, அது சுடுறவர் முகத்துக்குப் போகாம பக்கவாட்டில் வெளியேற ஓட்டைகள் வெச்சார். அதுக்கும் மேல, முகத்தை மறைக்க ஒரு சின்ன இரும்புத் தடுப்பு. தோட்டா மேகஸினிலிருந்து எழும்பின நொடியிலேயே பெரிய கொக்கி அதைப் பிடிச்சுக்கும், அதனால் கவிழ்த்துப் பிடிச்சாலும் சிக்காது. இதனாலதான் ஆபத்தான விலங்குகளைச் சுட்ட வேட்டைக்காரர்களும் மவுசரை நம்பினாங்க. 1907-ல் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைக் கொன்றதுக்காக ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாக் கிடைச்ச ரிக்பி ரைஃபிளுக்குள்ளே இருந்ததும் மவுசர் தாழ்ப்பாள்தான்.

துப்பாக்கிக்குப் பின்னால் நிற்கிறவரோட கண்ணைப் பத்தி இவ்வளவு யோசிச்ச மனுஷர் இவர். 1901-ல் தானா லோடு ஆகுற ஒரு புது ரைஃபிளைச் சோதிக்கும்போது அது வெடிச்சது. பால் மவுசரோட இடது கண் போச்சு. 63 வயசுக்காரர் அதுக்கப்புறமும் பட்டறையை விடலை. நடுவில் 1898-லிருந்து 1903 வரை ஜெர்மன் நாடாளுமன்றத்திலும் உறுப்பினரா உட்கார்ந்திருந்தார்.

சரி, துப்பாக்கிக்கு முன்னால் நின்னவங்க?

தென்னாப்பிரிக்காவுக்கு வாங்க. 1899-ல் போயர்களுக்கும் பிரிட்டிஷ்காரர்களுக்கும் போர். போயர் விவசாயிகள் கையில் ஜெர்மனியிலிருந்து வந்த 7 மி.மீ. மவுசர். எங்கேருந்து சுடுறாங்கன்னு புகைகூடத் தெரியாது. கொலென்ஸோ, ஸ்பியான் கோப்னு வரிசையா பிரிட்டிஷ் படை அடிவாங்குச்சு. அடிபட்டவங்களைத் தூக்கிட்டு வர நேட்டாலில் இருந்த காந்தி ஓர் இந்திய ஆம்புலன்ஸ் படையைத் திரட்டினார். சுமார் 1,100 பேர். அதில் 800 பேர் வரை கரும்புத் தோட்டம், சுரங்கம்னு வேலைக்குக் கொண்டுபோகப்பட்ட ஒப்பந்தத் தொழிலாளர்கள். நேட்டாலுக்குப் போன தொழிலாளர்களில் பெரும்பாலானவங்க சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறின தமிழர்களும் தெலுங்கர்களும்தான். மவுசர் குண்டு பாய்ஞ்ச உடம்புகளைத் தோளில் ஸ்ட்ரெச்சரா சுமந்து, சில நாள் 30 கிலோமீட்டருக்கும் மேல நடந்தாங்க. காந்தி பேர் நமக்குத் தெரியும். சுமந்த தோள்களோட பேர் நமக்குத் தெரியாது.

ஒரு மாச இடைவெளி

1914 மே 29 அன்று, 75 வயசில், சொந்த ஊரிலேயே பால் மவுசர் இறந்தார். ஜூன் 27 வரை இருந்திருந்தா 76. அதுக்கு மறுநாள், ஜூன் 28 அன்றுதான் சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசரைச் சுட்டுக் கொன்னாங்க. முதல் உலகப் போருக்கான தீப்பொறி அது. தன் ரைஃபிள் என்ன செய்யப்போகுதுன்னு பார்க்காமலே அவர் போயிட்டார்.

ஆகஸ்ட்டில் ஜெர்மன் படை பெல்ஜியத்துக்குள் நுழைஞ்சது. முதல் பெரிய சண்டை எங்கே தெரியுமா? லியேஜ். காசில்லாம அண்ணனும் தம்பியும் தங்கியிருந்த அதே நகரம். தாக்கினவங்க கையில் மவுசர் 98. தடுத்தவங்க கையில் மவுசர் 1889. அடுத்த நாலு வருஷமும் இதே கதைதான். துருக்கியர் கையில் மவுசர், அவங்களை எதிர்த்து மெசபடோமியாவில் நின்ன இந்தியப் படைகளில் நம்ம மெட்ராஸ் சாப்பர்ஸ் வீரர்கள்.

ரெண்டாம் உலகப் போரில் கதை இன்னும் இருட்டாகுது. குட்டையான 98கே ஒரு கோடிக்கும் மேல தயாரானது. ஓபர்ன்டார்ஃப் தொழிற்சாலையில் பிடிச்சுக்கிட்டு வந்த வெளிநாட்டவர்களைக் கட்டாய வேலை வாங்கினாங்க. 1945-ல் பிரெஞ்சுப் படை வந்து தொழிற்சாலையைப் பிரிச்சுப் போட்டது. அங்கே வேலை பார்த்த இன்ஜினீயர்கள் சேர்ந்து 1949-ல் அதே ஊரில் தொடங்கின கம்பெனி, ஹெக்லர் அண்ட் காக். கேமில் நீங்க எடுக்கிற எம்416-ஐ நிஜத்தில் செய்யுறவங்க அவங்கதான். உங்க இன்வென்ட்ரியில் பாதி, ஆத்தங்கரையில் இருக்கிற ஒரே சின்ன ஊரிலிருந்து வந்தது!

கலெக்டர்களின் உலகம்

போர் முடிஞ்சதும் லட்சக்கணக்கான பழைய ரைஃபிள்கள் மிச்சமாச்சு. அமெரிக்காவில் அதெல்லாம் பத்திரிகை விளம்பரம் பார்த்துத் தபாலில் வாங்குற சரக்கானது. 1963-ல் ஜான் கென்னடியைக் கொன்னது அப்படித் தபாலில் வாங்கின ஒரு பழைய இத்தாலிய ராணுவ ரைஃபிள். அதைக் கண்டெடுத்த போலீஸார் முதலில் அதை மவுசர்னுதான் நினைச்சாங்க. பழைய ராணுவ ரைஃபிள்னாலே அந்தப் பேர்தான் வாயில் வந்தது. அதன் பிறகு 1968-ல் வந்த சட்டம் தபால் விற்பனையை நிறுத்திச்சு. 1898 வரைக்கும் செஞ்ச துப்பாக்கிகளை மட்டும் 'ஆன்டிக்'னு தனியா வகைப்படுத்தி விலக்கு கொடுத்தது. அதனால, ஓபர்ன்டார்ஃபில் 1898-க்குள் செஞ்ச மவுசருக்கு அங்கே தனி கிராக்கி.

கலெக்டர் முதலில் பார்க்கிறது பளபளப்பை இல்லை, நம்பரை. ஒவ்வொரு பாகத்திலும் அடிச்ச வரிசை எண் ஒன்றா இருக்கணும். தாழ்ப்பாள் வேற ரைஃபிளோடதா இருந்தா விலை இறங்கும். விலை மட்டுமில்லை, தோட்டாவுக்கும் தாழ்ப்பாளுக்கும் நடுவில் இடைவெளி கூடியிருந்தா வெடிக்கும்போது ஆபத்து. அதனால சுடுறதுக்கு முன்னாடி துப்பாக்கி மெக்கானிக் அளவுகோல் வெச்சுப் பார்த்தே ஆகணும். பழைய தோட்டாவின் மருந்து குழலுக்குள் உப்பைப் படியவிடும். சுட்ட அன்னிக்கே வெந்நீர் ஊத்திக் கழுவலைன்னா துருப்பிடிக்கும். அர்ஜென்டினா தன் பழைய மவுசர்களை வித்தப்போ அதில் இருந்த தேசியச் சின்னத்தைத் தேய்ச்சு அழிச்சு வித்தது. அதனால, சின்னம் அழியாத ஒரு துப்பாக்கி கிடைச்சா கலெக்டருக்குத் தீபாவளிதான். அமெரிக்காவின் சிவிலியன் மார்க்ஸ்மேன்ஷிப் புரோகிராம் பழைய ராணுவ ரைஃபிள்களுக்குன்னே போட்டிகள் நடத்துது.

இங்கே ஆசை வந்தா? நம்ம நாட்டில் பொதுவா லைசென்ஸ் இல்லாம இந்த மாதிரி சுடக்கூடிய துப்பாக்கியை வெச்சுக்க முடியாது. 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, லைசென்ஸ் இருந்தாலும் பொதுவா ஒருத்தர் ரெண்டுக்கு மேல வெச்சுக்க முடியாது. நமக்கு மியூசியமும் மொபைலும்தான்.

இதில் ரசிக்க நிஜமாவே விஷயம் இருக்கு. படிப்பில்லாத 13-வது பிள்ளை, 40 வருஷம் ஒரு தாழ்ப்பாளைத் திரும்பத் திரும்பத் திருத்தி, அதுக்கு மேல திருத்த அதிகம் இல்லாத இடத்துக்குக் கொண்டுவந்தார். இன்னிக்குச் செய்யுற வேட்டை ரைஃபிள்களில்கூட அந்த வடிவம் வாழுது. அந்த உழைப்பைப் பார்த்து வியக்கிறது தப்பில்லை. ஆனா அவர் சிந்தனை முழுக்கத் துப்பாக்கியின் ஒரே ஒரு முனையில்தான் இருந்தது. சுடுறவர் கண்ணுக்கு மூணு பாதுகாப்பு வெச்சார். அடுத்த முனையைப் பத்தி யோசிக்கிறது அவர் வேலையா இருக்கலை. அதை யோசிக்க வேண்டியவங்க நாம.

என்னைக்காவது ஒரு மியூசியத்தில் கண்ணாடிக்குப் பின்னால் பழைய ரைஃபிள் ஒன்றைப் பார்த்தா, பின்பக்கம் நின்னு அந்தத் தாழ்ப்பாளை நல்லா ரசிங்க. நம்பரையும் படிங்க. அப்புறம் நாலு அடி நடந்து, ஒரு நிமிஷம் முன்பக்கமும் போய் நின்னு பாருங்க.